கைகாட்டி யார் கையில்?

வடக்கேயிருந்து வரும் வண்டியாயினும் மேற்கேயிருந்து வரும் வண்டியாயினும், சென்ட்ரல் நிலையத்தை அடையுமுன் பேசின் பிரிட்ஜில் நின்று மூச்சு வாங்குவது வழக்கம். ஆயிரம் கல் தொலைவு அலுக்காமல் ஓடிவந்த வண்டி, வீடு கண்ணுக்கெட்டும் வேளையில் நின்றுவிடும். பயணி மூட்டையை இறக்குவான், மறுபடி ஏற்றுவான், சன்னலுக்கு வெளியே தலையை நீட்டுவான், பெருமூச்செறிவான். வண்டியில் பழுதில்லை. தண்டவாளத்தில் முறிவில்லை. ஓட்டுநரும் உறங்கவில்லை. பின் ஏன் நிற்கிறது? கைகாட்டி இறங்கவில்லை! அந்நாளில் மரக்கை, இந்நாளில் வண்ண விளக்கு. கை போய் விளக்கு வந்ததேயன்றி, நிற்பது நின்றபாடில்லை. எங்கோ ஓர் அறையில், பயணியின் கண்ணுக்குப் படாத ஒருவர், "இது பிறகு போகட்டும், அது முன்னே போகட்டும்" என்று முடிவு செய்கிறார்.

இரயிலை நிறுத்தும் கைகாட்டிக்கு நியாயம் உண்டு. வண்டியும் வண்டியும் மோதாமல் காப்பது அதன் கடமை. ஆனால், தோழர்களே, செய்தியை நிறுத்தும் கைகாட்டி ஒன்று இருக்கிறதே, அதற்கு என்ன நியாயம்? நாட்டின் பொதுத் தேர்தல் வரும்போதெல்லாம், மக்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று, வாக்குச்சாவடி கண்ணுக்குத் தெரியும் தொலைவில், பேசின் பிரிட்ஜில் நிற்கும் வண்டிபோல் நின்றுவிடுகிறது. வேண்டாத செய்தியோ விரைவு வண்டியாய்ப் பறக்கிறது! அந்தக் கைகாட்டி யார் கையில் இருக்கிறது? அரசின் கையிலா, பணத்தின் கையிலா, கட்சியின் கையிலா, வாசகன் கையிலா? அதைத்தான் இங்கே ஆராய விழைகிறோம்.

கவிதையைத் திறனாய்கிறோம், கதையைத் திறனாய்கிறோம், நாடகத்தை அலசி நாலு பக்கம் எழுதுகிறோம். ஆனால் கோடிக்கணக்கானோர் அன்றாடம் படிக்கும் நாளேட்டைத் திறனாய்வோர் எத்தனை பேர்? புனைகதை புனைகதை என்று சொல்லிக்கொண்டே வருகிறது, அதனால் கேடில்லை. நாளேடோ உண்மை என்ற பட்டயத்தோடு வருகிறது. ஆகவே அதைத்தான் கூர்ந்து படித்தாக வேண்டும். தேர்தல் காலத்து ஏட்டை ஓர் இலக்கியப் படைப்பாகவே எடுத்துக்கொள்வோம். அதன் மௌனம் எத்தகையது? அதன் விலை என்ன? அதன் அடைமொழிகள் யாருக்குச் சூட்டப்படுகின்றன? அதில் எந்த மண்ணுக்கு இடமுண்டு, எந்த மண்ணுக்கு இல்லை? இந்த நான்கு அளவுகோல் போதும்.

முதலில் மௌனம். பேசின் பிரிட்ஜிலிருந்து மின்வண்டி ஏறினால் அடுத்த நிறுத்தம் சென்ட்ரல். அந்நிலையத்தின் அருகில்தான் அந்நாளில் சென்னை மத்திய சிறை இருந்தது. இன்று அந்தச் சிறை இல்லை, இடித்துவிட்டார்கள், மருத்துவக் கல்லூரிக் கட்டடம் எழுந்திருக்கிறது. 1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை வந்தது. அதனோடு ஏடுகளுக்குத் தணிக்கையும் வந்தது. 1976 ஜனவரி 31 அன்று தமிழகத்தில் தி.மு.க. அரசு கலைக்கப்பட்டது. கலைத்த கையோடு, மிசாச் சட்டத்தின் கீழ் நூற்றுக்கணக்கானோர் சிறைப்பட்டனர். பிப்ரவரித் தொடக்கத்தில் அந்த மத்திய சிறைக்குள் கைதிகள் கடுமையாகத் தாக்கப்பட்டனர். சென்னையின் முன்னாள் மேயரும் நாடாளுமன்ற உறுப்பினருமான சிட்டிபாபு அத்தாக்குதலில் சிக்கியவர்களுள் ஒருவர். அவர் 1977 ஜனவரியில் மாண்டார்.

சிந்தித்துப் பாருங்கள். சிறைச்சுவருக்கு வெளியே நாள்தோறும் ஆயிரமாயிரம் பயணிகள் இரயிலிறங்கிச் செல்கிறார்கள். கையில் நாளேடு இருக்கிறது. ஏட்டில் மழைச் செய்தி இருக்கிறது. பந்தயச் செய்தி இருக்கிறது. இருபது அம்சத் திட்டத்தின் பெருமை பத்தி பத்தியாக இருக்கிறது. சுவருக்கு அப்பால் நடந்தது மட்டும் இல்லை! அதை அச்சிட ஆசிரியருக்கு அனுமதி இல்லை. நீதிபதி மு. மு. இஸ்மாயில் ஆணையம் அமைந்து, சிறையில் நடந்ததை விசாரித்து வெளிக்கொணர்ந்தது தேர்தல் முடிந்த பின்னர்தான். அந்த 1977 ஜனவரியிலேயேதான், 18ஆம் நாள், பொதுத் தேர்தல் அறிவிக்கப்பட்டது. சிட்டிபாபு சாவும் தேர்தல் அறிவிப்பும் ஒரே மாதத்தில்! வாக்காளனுக்குத் தீர்ப்புச் சொல்லும் உரிமை தரப்பட்டது. சாட்சியம் மட்டும் பூட்டிய அறையில் வைக்கப்பட்டது.

பூட்டுகள் பல இருந்தன. பி.டி.ஐ., யு.என்.ஐ. உள்ளிட்ட நான்கு செய்தி நிறுவனங்களை ஒன்றாக்கி 1976இல் 'சமாச்சார்' என்ற ஒரே வாய் படைக்கப்பட்டது. நாடு முழுதும் ஆயிரம் ஏடு இருந்தென்ன? ஊற்றுக்கண் ஒன்றானால் குழாய் எத்தனை இருந்தும் வருவது ஒரே தண்ணீர்தானே! தேர்தல் களத்தில் தணிக்கை தளர்ந்த பிறகும், வானொலியும் தொலைக்காட்சியும் அரசின் கையில்தான் இருந்தன. 1977 பிப்ரவரியில் டெல்லியில் ஜெகஜீவன்ராம் பேசிய எதிர்க்கட்சிக் கூட்டத்துக்கு மக்கள் வராமலிருக்க, அந்நேரத்தில் தொலைக்காட்சியில் 'பாபி' திரைப்படம் போடப்பட்டது. மக்கள் படத்தை விட்டுக் கூட்டத்துக்குப் போனார்கள்! கேளிக்கையைக் காட்டிக் கேள்வியை மறக்கடிக்கும் வித்தை பழையது; அன்று அது பலிக்கவில்லை.

அந்த இருளிலும் வழி கண்டவர்கள் இருந்தார்கள். 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' 1975 ஜூன் 28 அன்று தலையங்க இடத்தை வெற்றிடமாக விட்டு வெளியிட்டது. வெள்ளைத் தாளே வாய்திறந்து பேசிற்று! இங்கே, 1976 பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாளில், 'முரசொலி' ஒரு பெயர்ப் பட்டியலை வெளியிட்டது. அண்ணா சதுக்கத்தில் மலர் வளையம் வைக்க வர இயலாதவர்கள் இன்னின்னார் என்றது. சிறைப்பட்டோர் பட்டியல் என்று எழுதியிருந்தால் தணிக்கையாளர் மை பாய்ந்திருக்கும். வர இயலாதோர் என்று எழுதியதால் அச்சேறிற்று. படித்தவர்களுக்கு ஏன் இயலவில்லை என்பது புரிந்தது. திறனாய்வாளர் இதனை அணியிலக்கணத்தில் எந்த அணி என்று ஆராயட்டும். நாம் இதனை ஒடுக்கப்பட்டவன் கண்டெடுத்த மொழி என்போம்.

இங்கே நாம் கசப்பான ஓர் உண்மையையும் ஒளிக்காமல் கூற வேண்டும். வடநாடு நெருக்கடி நிலைக்கு எதிராக வாக்களித்தது. தமிழகமோ 1977 மார்ச்சில் 39 இடங்களுள் 34 இடங்களை அ.தி.மு.க.–காங்கிரஸ் அணிக்குக் கொடுத்தது. தணிக்கை ஒன்றுதான் இதற்குக் காரணம் என்று கூறுவது சோம்பேறியின் வாதம். மக்கள் முட்டாள்கள் என்று கூறுவது ஆணவக்காரனின் வாதம். இரண்டும் நமக்கு வேண்டாம். ஆனால் தெரிந்து தீர்ப்பளிப்பது வேறு; தெரியாமல் தீர்ப்பளிப்பது வேறு. தெரிந்தும் அதே தீர்ப்பை அவர்கள் அளித்திருக்கலாம். அது அவர்கள் உரிமை. தெரிந்துகொள்ளும் உரிமையைப் பறித்தது யார் என்பதே நம் கேள்வி.

அதே தேர்தலில் இந்த வட்டாரம், வட சென்னைத் தொகுதி, யாரை அனுப்பிற்று தெரியுமா? ஏ. வி. பி. ஆசைத்தம்பியை! 'தனியரசு' ஏட்டின் ஆசிரியர். எழுதிய நூலுக்காக 1950இல் சிறை சென்றவர். அதே 1950இல்தான் பெரியாரும் அண்ணாவும் தத்தம் நூல்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். எழுதியதற்காகச் சிறைப்பட்ட ஒருவரை, எழுத்துக்குப் பூட்டுப் போட்ட காலம் முடியும் தறுவாயில், நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி இது. பேசின் பிரிட்ஜ் இளைஞன் இதை மறக்கலாகாது.

இரண்டாவது அளவுகோல், விலை. தணிக்கையாளரின் மை போயிற்று. கணக்கரின் மை வந்தது! 2009ஆம் ஆண்டுத் தேர்தல்களின்போது நாட்டின் பல பகுதிகளில் ஒரு புதுமை அம்பலமாயிற்று. வேட்பாளரிடம் காசு வாங்கிக்கொண்டு அவர் புகழைச் செய்தியாகவே அச்சிடும் வாணிகம் அது. விளம்பரம் என்ற முத்திரை கிடையாது. நிருபர் எழுதியதுபோல் இருக்கும்; வாசகன் அதை உண்மை என்று விழுங்குவான். இந்தியப் பத்திரிகைக் கழகம் இருவர் கொண்ட துணைக்குழுவை அமைத்தது. அக்குழு 71 பக்க அறிக்கை எழுதிற்று. ஏடுகளின் பெயரைச் சொல்லி எழுதிற்று. பின் நடந்ததென்ன? 2010இல் கழகம் வெளியிட்டது பெயர்களை நீக்கிய சுருக்கத்தை! முழு அறிக்கை பொதுமக்கள் கண்ணில் பட்டது 2011இல், மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவிட்ட பிறகுதான். செய்தியை மறைத்தவர்களைப் பற்றிய செய்தியே மறைக்கப்பட்டது. நாடகாசிரியன் இப்படி ஒரு காட்சி எழுதினால் மிகை என்று நாம் குறை கூறியிருப்போம்!

2011 அக்டோபரில் உத்தரப் பிரதேசச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் பதவியிழந்தார். 2007 தேர்தலில் இப்படிச் செய்தி வெளியிடச் செலவிட்ட தொகையைக் கணக்கில் காட்டாததற்காகத் தேர்தல் ஆணையம் மூன்றாண்டு தகுதி நீக்கம் செய்தது. இந்தக் குற்றத்துக்கு இந்நாட்டில் கிடைத்த முதல் தண்டனை அது. ஆனால் நுணுகிப் பாருங்கள். தண்டிக்கப்பட்டவர் கணக்குக் காட்டாத வேட்பாளர். காசு வாங்கிய ஏடு அன்று! காசு வாங்கிச் செய்தி போடுவதையே தனித் தேர்தல் குற்றமாக்க வேண்டும் என்று சட்ட ஆணையம் 2015இல் தன் 255ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. பரிந்துரை ஏட்டில் இருக்கிறது. சட்டப் புத்தகத்தில் ஏறவில்லை.

இதற்கு நேர்மாறாக ஒன்றைக் கூறுவோம். புளியந்தோப்பில் ஒரு தோழன் தன் கைக்காசைப் போட்டுத் தேர்தல் துண்டறிக்கை ஒன்று அடிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ பிரிவு அவனைத் தடுத்துக் கேட்கும்: "அச்சிட்டவர் பெயர் எங்கே? முகவரி எங்கே? வெளியிட்டவர் யார்?" இல்லையேல் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும்! நல்ல சட்டம்; நாம் எதிர்க்கவில்லை. சொல்வது யார் என்று கேட்பவனுக்குத் தெரியத்தான் வேண்டும். ஆனால் ஏழையின் காலணாத் தாளுக்கு இருக்கும் இந்த நாணயம், இலட்சம் படிகள் ஓடும் ஏட்டின் முதற் பக்கத்துக்கு வேண்டாமா? துண்டறிக்கைக்குப் பொறுப்பாளி பெயர் வேண்டும். விலைக்கு வாங்கிய செய்திக்குப் பெயரே வேண்டாம்! இதுதான் இந்நாட்டின் சமன்செய்து சீர்தூக்கும் கோல்!

மூன்றாவது அளவுகோல், அடைமொழி. இங்கே நம் வீட்டையும் பெருக்கியாக வேண்டும். அடுத்தவன் வாசல் குப்பையை மட்டும் எண்ணுவது பகுத்தறிவாகாது.

நம் இயக்கத்து ஏடுகள் சார்புடையவை. 1925இல் தோன்றிய 'குடி அரசு' நடுநிலை நாடகம் ஆடியதில்லை. தான் யார், எதற்காக, எதனை எதிர்க்கிறது என்பதை முகப்பிலேயே கூறிற்று. பெரியார் ஒரு தலையங்கத்துக்காக 1933இல் கைதானபோது, ஏடு நின்றது. 'புரட்சி' என்ற வேறு ஏடு எழுந்தது. வியாசர்பாடி நிலையத்துக்குப் பெயர் தந்த ஜீவா நடத்திய 'ஜனசக்தி'யும் அப்படித்தான்; அது பொதுவுடைமை ஏடு என்பதை அறியாமல் வாங்கியவன் எவனும் இல்லை. 1918இல் பெரம்பூரில் ஆலைத் தொழிலாளர் சங்கம் கண்ட நாளில் திரு.வி.க.வின் 'தேசபக்தன்' தொழிலாளர் பக்கம் நின்றது, ஒளித்து நிற்கவில்லை. சார்பு குற்றமன்று, தோழர்களே! சார்பை மறைப்பது குற்றம். சார்புக்காக உண்மையை மறைப்பது பெருங்குற்றம்.

இந்த அளவுகோலை இன்றைய திரைப்பெட்டிக்கு வைப்போம். 1993இல் 'சன்', 1999இல் 'ஜெயா', 2006இல் 'மக்கள்', 2007இல் 'கலைஞர்', 2010இல் 'கேப்டன்' என்று தமிழகத்தில் அலைவரிசைகள் வரிசைகட்டின. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கட்சியோ கட்சித் தலைவர் குடும்பமோ நின்றதை ஊரறியும். தேர்தல் மாதத்தில் இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த வடசென்னைத் தொழிலாளி என்ன கண்டான்? ஒரே திடல், ஒரே மாலை, ஒரே கூட்டம். ஒரு பெட்டியில் கடலலை. மறு பெட்டியில் காலி நாற்காலி! ஒன்றில் தலைவர் "முழங்கினார்". மற்றதில் அவரே "புலம்பினார்". வினைச்சொல் ஒன்றை மாற்றினால் போதும், வீரன் கோழையாவான்! செய்யுளில் அடைமொழி அழகுக்கு. செய்தியில் அடைமொழி ஆளை அடிக்க. இதற்குப் பழகிப்போன தமிழன் இரண்டையும் பார்த்து நடுவே ஏதோ உண்மை இருக்கும் என்று தானே கணக்குப் போட்டுக்கொண்டான். அவன் கூர்மைக்கு வாழ்த்து. ஆனால் அவனை அந்த நிலைக்குத் தள்ளியது நமக்குப் பெருமையா?

அடைமொழியோடு நின்றதா? இல்லை. 2007 மே 9 அன்று மதுரையில் 'தினகரன்' அலுவலகம் தாக்கப்பட்டது. தலைவருக்கு அரசியல் வாரிசு யார் என்ற கருத்துக் கணிப்பை வெளியிட்டதே காரணம். ஊழியர் மூவர் மாண்டனர். 2009இல் விடுவிக்கப்பட்டவர்களுள் ஒன்பது பேருக்கு உயர் நீதிமன்றம் 2019இல் ஆயுள் தண்டனை விதித்தது. 1987இல் ஒரு நகைச்சுவைப் படத்துக்காக 'ஆனந்த விகடன்' ஆசிரியருக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது. 2003இல் 'தி இந்து' ஏட்டின் பொறுப்பாளர்களுக்கும் 'முரசொலி' ஆசிரியருக்கும் பதினைந்து நாள் சிறை என்று அதே மன்றம் தீர்மானித்தது. உச்ச நீதிமன்றம் தடுத்தது. அண்ணாவின் பெயரைச் சொல்லி ஆண்டவர்கள் காலத்தில் நடந்தவை இவை. எழுதியதற்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவரின் பெயரை உச்சரித்துக்கொண்டே எழுதியவனைத் தண்டிக்கலாமா? இதனை நாம் கேட்காவிட்டால், மற்றவனைக் கேட்கும் உரிமை நமக்கு ஏது?

நான்காவது அளவுகோல், இடம். 2024ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் தமிழகம் முழுதும் ஏப்ரல் 19 அன்று வாக்களித்தது. அதற்கு நான்கு மாதம் முன்பு இந்த வட்டாரத்தில் நடந்ததென்ன? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் கசிந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிற்று. படகு கறுத்தது, வலை கறுத்தது, மீன் பிடிப்பவன் கையும் கறுத்தது. அம்மாதம் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா வாயு கசிந்தது. உறங்கிய மக்கள் மூச்சுத் திணறி எழுந்து தெருவில் ஓடினர். பலர் மருத்துவமனை சேர்ந்தனர். இவற்றை உடனே படம் பிடித்து வெளியிட்ட நிருபர்களும் இருந்தார்கள். அவர்களை மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் தேர்தல் வந்ததும் கைகாட்டி ஏறிவிட்டது! மார்ச் இறுதியில் இந்தியா முழுதும் திரைப்பெட்டிகளில் ஒரே முழக்கமாய்க் கச்சத்தீவு ஒலித்தது. கச்சத்தீவு பேசத்தகாத பொருளன்று; மீனவர் துயரம் பேசத்தான் வேண்டும். அப்படியானால் எண்ணூர் மீனவன் மீனவன் இல்லையா? ஐம்பது ஆண்டுக்கு முந்திய உடன்பாட்டுக்கு அனல் பறக்கும் விவாதம். நான்கு மாதத்துக்கு முந்திய எண்ணெய்க் கறைக்கு அதில் எவ்வளவு இடம்? கச்சத்தீவைப் பற்றி இரண்டு கட்சிகள் ஒன்றையொன்று ஏசலாம். ஆகவே அது செய்தி. எண்ணெயையும் வாயுவையும் பற்றிக் கேட்டால் ஆலை முதலாளியும் அரசுகளும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டும். ஆகவே அது கிடப்பில் நிற்கும் சரக்கு வண்டி!

முதலாளி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம் 2018இல் அதானி குழுமத்தின் கைக்கு வந்தது. அதன் விரிவாக்கத் திட்டத்தை மீனவக் குப்பங்கள் எதிர்த்து வருகின்றன. 2022 இறுதியில் அதே குழுமம் என்.டி.டி.வி. நிறுவனத்தின் பெரும்பங்கைத் தனதாக்கிற்று. பொதுத் தேர்தல் ஆண்டான 2014இல் நெட்வொர்க்18 நிறுவனம் ரிலையன்ஸ் கைக்குப் போயிற்று. அங்கே பணிபுரியும் இதழாளர்களை நாம் குறை கூறவில்லை. கேட்பது இதுதான்: துறைமுகமும் அவருடையது, துறைமுகத்தைப் பற்றிச் செய்தி சொல்லும் பெட்டியும் அவருடையது என்றால், குப்பத்து மீனவன் தன் வழக்கை எந்த மன்றத்தில் வைப்பான்? நீதிபதியும் பிரதிவாதியும் ஒருவரே என்றால் எந்த நீதிமன்றத்தை நாம் ஏற்போம்?

அதே தேர்தலின் கடைசிக் காட்சியையும் நினைவூட்டுவோம். ஜூன் 1 மாலை, வாக்குப்பதிவு முடிந்தவுடன், பெட்டிக்குப் பெட்டி கணிப்பு. ஆளும் அணிக்கு 350க்கு மேல் என்று பலர். 400ஐத் தொடும் என்று சிலர். ஜூன் 4 அன்று பெட்டிகள் திறந்தன. அணிக்கு 293, பா.ஜ.க.வுக்குத் தனியாக 240. பெரும்பான்மைக்கு வேண்டியதோ 272. இடையில் பங்குச் சந்தை ஏறி இறங்கிச் சிறு சேமிப்பாளரை உலுக்கிற்று. சோதிடனைப் பார்த்துச் சிரிக்கும் இளைஞர்களே! பட்டு வேட்டி கட்டி ஓலைச்சுவடி பார்த்தால் சோதிடம். கழுத்துப்பட்டை கட்டித் திரையில் எண்ணைக் காட்டினால் அறிவியலா? எத்தனை பேரைக் கேட்டாய், எங்கே கேட்டாய், எப்படிக் கணக்கிட்டாய் என்று கேட்காதவரை இரண்டும் ஒன்றுதான்.

இத்தனையும் கேட்ட ஒருவர் எழுந்து, "ஐயா, ஏடுகள் இவ்வளவு கெட்டவை என்றால் அரசு ஒரு கடிவாளம் போடலாமே!" என்பார். வேண்டாம், வேண்டவே வேண்டாம்! நோயைவிட மருந்து கொடியது. 1950இல் சென்னை மாகாண அரசு 'கிராஸ் ரோட்ஸ்' என்ற ஏட்டை மாகாணத்துக்குள் வரலாகாது எனத் தடுத்தது. பொது அமைதி கெடும் என்றது காரணம். சேலம் சிறையில் அவ்வாண்டு பிப்ரவரியில் பொதுவுடைமைக் கைதிகள் 22 பேர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்த காலம் அது. உச்ச நீதிமன்றம் அந்தத் தடையைச் செல்லாதாக்கிற்று. மறு ஆண்டே, முதற் பொதுத் தேர்தலுக்கு முன்பாகவே, அரசியல் சட்டம் திருத்தப்பட்டுப் பேச்சுரிமைக்குப் புது வேலி வந்தது! 2025 பிப்ரவரியில் ஒரு கேலிச் சித்திரத்துக்காக 'விகடன்' இணையதளம் முழுதும் முடக்கப்பட்டது. மார்ச்சில் உயர் நீதிமன்றம் சென்றே திறக்க வேண்டியிருந்தது, அதுவும் அந்தச் சித்திரத்தை நீக்கச் சம்மதித்து! எல்லையற்ற செய்தியாளர்கள் அமைப்பு 2024இல் வெளியிட்ட பத்திரிகைச் சுதந்திர வரிசையில் 180 நாடுகளுள் இந்தியாவின் இடம் 159. கடிவாளம் போதவில்லை என்றா இனியும் சொல்வது?

சார்புக்கு மருந்து பூட்டு அன்று, வெளிச்சம். உடையவர் யார் என்று ஏட்டின் முகப்பில் எழுதட்டும். காசு வாங்கியதை விளம்பரம் என்று போடட்டும். போடாத ஏட்டுக்கும் தண்டனை வரட்டும். பத்திரிகைக் கழகத்துக்குக் கண்டிக்க மட்டுமே நாக்கு இருக்கிறது, தண்டிக்கக் கையில்லை. அந்தக் கையைத் தருவதாயின் ஆளும் கட்சியிடமிருந்து விலகி நிற்கும் அமைப்பாக்கித் தரட்டும். அரசு விளம்பரம் எந்த ஏட்டுக்கு எவ்வளவு போயிற்று என்பதை மாதந்தோறும் வெளியிடட்டும், டெல்லியும் வெளியிடட்டும், கோட்டையும் வெளியிடட்டும்!

இவையெல்லாம் ஆளவந்தார் செய்ய வேண்டியவை. நாம் செய்ய வேண்டியது? ஒரு காலத்தில் நம் ஏடுகள் முடிதிருத்தகத்திலும் தேநீர்க் கடையிலும் படிப்பகத்திலும் ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்க உயிர் வாழ்ந்தன. கேட்டவர் குறுக்கே கேள்வி போடுவார். படிப்பவர் நிறுத்தி விடை சொல்வார். இன்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு கைப்பேசி, தனித்தனியே படிக்கிறோம், தனித்தனியே ஏமாறுகிறோம். நடராசனும் தாளமுத்துவும் உறங்கும் மூலக்கொத்தளத்துப் பக்கத்தில், வியாசர்பாடியில், கொருக்குப்பேட்டையில், பேசின் பிரிட்ஜ் தெருக்களில், ஒரு சுவர்ப்பலகை வையுங்கள். அடுத்த பொதுத் தேர்தலுக்கு முப்பது நாள் முன்பு தொடங்குங்கள். ஒன்றையொன்று எதிர்க்கும் இரண்டு ஏடுகளை வாங்குங்கள். நமக்குப் பிடித்த ஏடும் அதில் ஒன்றாக இருக்கட்டும். அடிக்கோலை எடுத்து அளவுங்கள்: எந்த வேட்பாளருக்கு எத்தனை அங்குலம்? எந்த வினைச்சொல் யாருக்கு? நம் தொகுதிக்கு எத்தனை வரி? எந்தச் செய்தி வரவே இல்லை? நான்கு பத்தி, நாள்தோறும் எழுதி ஒட்டுங்கள். பெயரோடு ஒட்டுங்கள். அந்த ஏட்டின் ஆசிரியருக்கும் ஒரு படி அனுப்புங்கள்.

நமக்குப் பிடித்த ஏட்டின் குற்றம் பலகையில் ஏறும் நாளில், நம் தோழர்களுள் சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். பலகையைக் கழற்றாமல் நிற்பதுதான் அன்று நம் சோதனை.

வண்டி நிற்கிறது, தோழர்களே. உள்ளே உட்கார்ந்து பெருமூச்சு விட்டது போதும். இறங்கிப் போய்க் கைகாட்டி அறையின் கதவைத் தட்டுவோம்.